கட்டிய பணத்துக்குக் காகிதம் எங்கே?

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, எடப்பாடி, இளம்பிள்ளை என்று தறிச் சத்தம் கேட்கிற எந்த ஊருக்குப் போனாலும் ஒரே வகைத் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஐம்பதாயிரம் கைமாத்து வாங்கி, மூன்று வருடமாக மாதம் தவறாமல் வட்டி கட்டியவர் இருக்கிறார். கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கொடுத்தவரிடம் மட்டும் தொகை எழுதாத புரோநோட்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது. குழுக் கடனில் பக்கத்து வீட்டு அக்காவுக்காகத் தன் பெயரைக் கொடுத்த பெண் இருக்கிறார். அந்த அக்கா ஊரைக் காலி செய்து போய் விட்டார். தவணை இவர் தலையில் விழுந்திருக்கிறது. கடன் முழுவதையும் அடைத்த பிறகும் வில்லங்கச் சான்றில் கிரய அக்ரிமென்ட் அப்படியே நிற்க, வீட்டை விற்க முடியாமல் தவிப்பவர் இருக்கிறார். வட்டிக்காரர் மிரட்டியதும் காவல் நிலையத்துக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, “பேசி முடிச்சுக்கங்க” என்ற பதிலோடு வெறுங்கையுடன் திரும்பியவர்களுக்குக் கணக்கே இல்லை.

இவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. பெரும்பாலோர் வாங்கியதைவிட அதிகமாகவே கட்டி முடித்தவர்கள். கட்டியதற்குக் காகிதம் வாங்காததுதான் அவர்களுடைய குறை. கடனை அடைப்பது ஒரு வேலை, அடைத்ததை எழுத்தில் வாங்குவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாதவர் முதலாவதை இரண்டு முறை செய்ய வேண்டி வரும்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, எழுதிய தொகை எவ்வளவு, கையில் வந்த தொகை எவ்வளவு, மாதமோ வாரமோ எவ்வளவு கட்டுகிறோம், என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம் என்று ஆறு விவரம் போதும். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வாங்கிய கடன்கள் இந்த நோட்டில்தான் வெளியே வரும். சண்டை வந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்த கடனுக்கு வட்டி நிற்கப் போவதில்லை.

அடுத்து, வட்டியை வருடக் கணக்குக்கு மாற்றுங்கள். நம் ஊரில் வட்டியை எப்போதும் சின்னதாகத் தெரிகிற மாதிரியே சொல்வார்கள். நூத்துக்கு ரெண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். நூத்துக்கு மூணு என்றால் 36. அஞ்சு வட்டி 60, பத்து வட்டி 120. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. தண்டலில்தான் ஏமாறுகிறார்கள். பத்தாயிரத்துக்கு எழுதி, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். “வெறும் 1,500 ரூபாய்தானே வட்டி” என்று சொல்கிறோம். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருவதை மறந்துவிடுகிறோம். சரியாகக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது பத்து வட்டி. கையில் 9,000 கொடுத்திருந்தாலும் சுமார் 78 சதவீதம் வரும்.

‘பிளாட் வட்டி’ இன்னொரு கண்கட்டு. பத்தாயிரத்துக்கு ரெண்டு வட்டி என்று சொல்லி, வருடத்துக்கு 2,400 ரூபாயை முன்கூட்டியே சேர்த்து, 12,400 ரூபாயைப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தால், உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் 42 சதவீதம். அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கே ஓடுகிறது.

2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தந்தாக வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். “எல்லாம் அதுல இருக்கும்மா, கையெழுத்துப் போடுங்க” என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்தக் கடன் முதலில்?

சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கட்டுவதுதான் நம் வழக்கம். வாசலில் வந்து நிற்கிற குழு ஆளுக்குக் கட்டக் கந்துவட்டியில் வாங்குகிறோம், கந்துவட்டிக்குக் கட்டத் தண்டலில் வாங்குகிறோம். அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்து, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணையை மட்டும் கட்டுவதே சரியான வரிசை. கடனை அடைக்க அதைவிட அதிக வட்டியில் இன்னொரு கடன் வாங்கக் கூடாது என்பது இந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு முறையும் சொல்கிறேன்: அதிக வட்டியில் வாங்கி, குறைந்த வட்டியை அடைக்காதீர்கள்.

ஐம்பதாயிரம் ரூபாய், நூத்துக்கு மூணு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும் கட்டினால் மூன்று வருடத்தில் 54,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், அசல் ஐம்பதாயிரமும் அசையாமல் இருக்கும். மாதம் இன்னொரு ஆயிரம் சேர்த்து 2,500 கட்டினால், கூடுதல் தொகை அசலில் கழிந்து 31 மாதத்தில் கடன் முடிந்துவிடும். வீட்டில் கொஞ்சம் நகை இருந்து, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ மாதம் ஒரு சதவீத அளவில் அடகு வைத்துக் கைமாத்தை ஒரேயடியாக அடைத்துவிட்டு, அதே 2,500 ரூபாயை நகைக் கடனுக்குக் கட்டினால் 23 மாதத்தில் நகையும் திரும்பிவிடும். மிச்சம் சுமார் இருபத்தொரு ஆயிரம். ஆனால் அடகு வைத்த பிறகு 500 ரூபாய் வட்டியை மட்டும் கட்டிவிட்டு மீதியைச் செலவு செய்தால் இந்தக் கணக்கு செல்லாது. தேர்தல் வருகிறது, தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருப்பவர்களுக்கும் செல்லாது. 2021-ல் 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி வந்தபோது, கிடைக்கும் என்று நம்பியிருந்த எத்தனையோ பேர் நிபந்தனைகளில் கழிக்கப்பட்டார்கள்.

அந்தக் கூடுதல் ஆயிரம் எங்கிருந்து வரும்? நாளுக்கு 35 ரூபாய் மிச்சப்பட்டால் மாதம் ஆயிரத்தைத் தாண்டும். தறிப்பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் எழுதி வைத்துச் சாப்பிடும் டீயும் போண்டாவும், பாக்குப் பொட்டலம், வாரக் கடைசி டாஸ்மாக் ஆகியவற்றை ஒரே ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். நான் அறிவுரை சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. வாரக் கூலிக்காரர்கள் கூலி கைக்கு வந்த அன்றே கடனுக்கானதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் மிச்சமாவதைக் கட்டலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது.

வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பணம் தீபாவளி போனஸ். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று பேச்சுவார்த்தை நடத்திப் பெறுகிற பணம் அது. அதில் பாதியாவது அதிக வட்டிக் கடனின் அசலுக்குப் போகட்டும். ஆடிப் பெருக்கு, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், பொங்கல் ஆகியவை எந்த வருடமும் தவறாமல் வரும் செலவுகள். அவற்றை ‘திடீர்ச் செலவு’ என்று சொல்லித் தண்டல் வாங்குவதை நிறுத்துங்கள். வருடச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினால் போதும்.

சேமிப்பை எங்கே வைப்பது?

36 சதவீதக் கடன் இருக்கும்போது ஆறு ஏழு சதவீதம் தரும் சேமிப்பில் பெரும்பணத்தைப் போட்டு வைப்பது நஷ்டம். ஒரு மாதக் குடும்பச் செலவு அளவுக்கு மட்டும் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கிலோ வங்கியிலோ வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், தறி ஓடாத வாரம், வண்டி பழுது போன்றவற்றுக்குத் தண்டலுக்கு ஓடாமல் இருக்க அது உதவும். அதற்கு மேல் சேர்வதெல்லாம் கடனுக்குத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கைமாத்துக் கொடுத்தவர் பலர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க மாட்டார்கள். “மொத்தமா கொண்டா” என்பார்கள், வட்டி ஓட வேண்டுமே. அப்படிப்பட்ட கடனுக்கு வங்கியில் ஆறு மாத அல்லது ஒரு வருடத் தொடர் வைப்பு போட்டு, முதிர்ந்ததும் மொத்தமாகக் கட்டுங்கள். தபால் நிலையத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். கடன் அடைக்க அது ஏற்றதில்லை, கடன் தீர்ந்த பிறகு தொடங்க வேண்டியது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற வீடுகளில், அதை எடுக்காமல் தொடர் வைப்புக்குத் திருப்பிவிட வங்கியில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

பதிவு செய்யாத ஏலச்சீட்டிலும், தீபாவளிச் சீட்டிலும், “பணம் இரட்டிப்பு” என்பவர்களிடமும் போடாதீர்கள். 2025 தொடக்கத்தில் சேலம் அம்மாபேட்டையில் அறக்கட்டளை என்ற பெயரில் திருமண மண்டபத்தில் உட்கார்ந்து பணம் வசூலித்தவர்கள் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு நடவடிக்கை எடுத்தது. அப்போதும் வரிசையில் நின்றவர்கள் போலீஸைத்தான் திட்டினார்கள். சீட்டு நடத்த 1982-ம் ஆண்டு சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி பதிவு வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். “தெரிஞ்சவங்கதான்” என்பது பதிவு ஆகாது.

குழுக் கடன்: உங்கள் கையில் இருக்கும் விதிகள்

இரண்டு வகைக் குழுக்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசின் மகளிர் திட்டத்தின் கீழ் வரும் சுய உதவிக் குழு, தருமபுரியில் 1989-ல் தொடங்கி அடுத்து நம் சேலத்துக்கு வந்தது. அதில் உறுப்பினர்கள் சேமிப்பார்கள், வங்கி அந்தக் குழுவுக்குக் கடன் தரும், வட்டி குறைவு. வாரா வாரம் ஆள் வந்து வசூலிப்பது தனியார் நுண்கடன் நிறுவனத்தின் கடன். அதிக வட்டியில் மாட்டியிருக்கும் பெண்கள் முதலில் ஊராட்சி அல்லது பகுதி அளவிலான கூட்டமைப்பில் கேட்டுச் சுய உதவிக் குழுவில் சேர வழி பாருங்கள்.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த விதிகளை வசூல் ஆள் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் ஈடில்லாக் கடனே நுண்கடன். எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மொத்தமும் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தும் கடன் தள்ளிவிட்டால் அது நிறுவனத்தின் விதிமீறல். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தவணை தாமதமானால், தாமதமான தொகைக்கு மட்டுமே அபராதம்; முழுக் கடனுக்கும் போட முடியாது. வசூல் இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறைக்குக் குறையாமல் நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ தறிப்பட்டறைக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது, பெயரை எழுதி ஊருக்குக் காட்டுவது எல்லாமே விதிமீறல். “கட்டுற வரைக்கும் இந்த வீட்ல இருந்து எந்திரிக்க மாட்டோம்” என்று இரவு பத்து மணிவரை உட்காருவதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

ஒன்று. கடன் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறைதீர்ப்பு எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதையே நிறுவனத்தின் கிளைக்கு எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

இரண்டு. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளருக்குப் புகார் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம். உதவிக்கு இலவச எண் 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முதல் படியைத் தாண்டி நேராக இங்கே வந்தால் புகார் திரும்பிவிடும். அதனால்தான் அந்த முத்திரையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மூன்று. மிரட்டல், ஆபாசப் பேச்சு, வீட்டைப் பூட்டுவது போன்றவை குற்றம். அவற்றுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டாம், உடனே காவல் நிலையம். 2025-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் கட்டாயக் கடன் வசூல் தடுப்புச் சட்டம், பின்தொடர்வது, மிரட்டுவது, பொருளைப் பறிப்பது ஆகியவற்றைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

மற்றவருக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள். சொந்த அக்காவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். காகிதத்தில் கடன்காரர் நீங்கள் ஒருவர்தான்.

கந்துவட்டி: மனுவை எப்படிக் கொடுப்பது?

தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாமே இதில் அடக்கம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். இருபது வருடம் தாண்டிய பிறகும் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கொடுத்த மனுக்கள் மேசை மேசையாகச் சுற்றியதுதான் அதற்கு முந்தைய கதை. அதற்குப் பிறகும் பல நிலையங்களில் மனுவை வாங்கி மடித்து வைப்பதே வேலையாக இருக்கிறது.

அதனால் மனு இப்படி இருக்கட்டும். கடன் வாங்கிய தேதி, எழுதிய தொகை, கையில் வந்த தொகை, சொன்ன வட்டி, இதுவரை கட்டிய மொத்தம், கொடுத்த வெற்றுப் புரோநோட்டு, காசோலை, ஆதார் நகல், ஏ.டி.எம். கார்டு, பத்திரம், மிரட்டிய தேதியும் நேரமும், பார்த்த சாட்சிகள். ஜிபே, வங்கிக் கணக்கு விவரங்களை அச்சிட்டு இணையுங்கள். போன் உரையாடல் பதிவாகியிருந்தால் அழிக்காதீர்கள். மூன்று நகல் எடுங்கள்.

மனுவைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே மனுவைச் சேலம் மாநகர எல்லையில் காவல் ஆணையருக்கும், மற்ற இடங்களில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். இணையாக, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். தொழிலாக வட்டிக்கு விடுபவருக்கு வட்டாட்சியர் தரும் உரிமம் வேண்டும். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, பதிலை மனுவோடு சேருங்கள்.

இந்தச் சட்டத்தில் பெரும்பாலோர் அறியாத ஒரு வழி உண்டு. ‘அசலை வாங்க மாட்டேன், வட்டியே கட்டு’ என்று ஒருவர் அடம்பிடித்தால், கட்ட வேண்டிய தொகையை 5-ம் பிரிவின் கீழ் உரிய நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் முழுவதும் அல்லது ஒரு பகுதி தீர்ந்ததாகப் பதியச் சொல்லலாம். அங்கே கணக்காவது வட்டிக்காரர் சொல்லும் வட்டி இல்லை, கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் அரசு நிர்ணயித்த வட்டிதான். தொடர் வைப்பில் சேர்த்த பணம் இங்கேதான் முழுப் பலன் தரும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பவர்கள் சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் இன, பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச எண் 15100. வட்டிக்காரர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால் உங்களுக்கு 15 நாள்தான் அவகாசம். நீதிமன்றச் சம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும், அதை நீக்கக் கேட்க 30 நாள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது தப்புதான். அதற்குப் பயந்து நோட்டீஸைத் தொடாமல் இருப்பது அதைவிடப் பெரிய தப்பு.

முன்பணம், ஆப், கிட்னி

தறிப்பட்டறை முன்பணம் தனி வகை. முன்பணம் கழியும் வரை வேறு பட்டறைக்குப் போகக் கூடாது, குடும்பத்தில் இன்னொருவரையும் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டிப்போட்டால் அது 1976-ம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. செங்கல் சூளையில் மட்டும் நடப்பது என்று அதிகாரிகளே நினைத்துக்கொள்கிறார்கள். மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியரிடம். நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு கோட்டங்கள். சேலம் மாவட்டத்தில் சேலம், மேட்டூர், ஆத்தூர், சங்ககிரி கோட்டங்கள். விடுதலைச் சான்று கிடைத்தால் அந்த முன்பணக் கடன் சட்டப்படி ஒழிந்துபோகும், மறுவாழ்வு உதவியும் உண்டு.

கடன் ஆப்பில் வாங்குபவர்கள், ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் கடன் செயலிப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கிற ஆப்பை அழித்துவிடுங்கள். படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் பணம் கட்டாதீர்கள், கட்டினால் மேலும் கேட்பார்கள். 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் எண் வாங்குங்கள்.

அடுத்தது எழுதவே கசக்கிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துத் தரகர்கள் கிட்னி வாங்கியது வெளிவந்தது. சுகாதாரத் துறை விசாரித்தது, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. இது புதிது இல்லை. இதே பகுதியைப் பற்றி இதே செய்தி முன்பும் வந்திருக்கிறது. அப்போதும் அதிகாரிகள் விழித்துக்கொண்டு மறுபடி தூங்கிப் போனார்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். விற்றவருக்கும் இதே தண்டனைதான். தரகர் இதைச் சொல்ல மாட்டார். தறியில் நின்று உழைக்கும் உடம்பை அறுத்துக் கொடுத்தால், அடுத்த கடனைக் கட்ட உழைப்பதும் அந்த உடம்புதான். தரகர் பேச வந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

கடன் அழுத்தம் தாங்காமல் விபரீத எண்ணம் வந்தால் 104 அல்லது 14416-க்குப் பேசுங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாக் கடனுக்கும் ஒரு அலுவலகம் இருக்கிறது. உயிர் கொடுத்து அடைக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை.

முடிக்கும் நாளில் வாங்க வேண்டியவை

கடைசித் தவணை கட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் காகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

புரோநோட்டு: அசல் தாளே கைக்கு வர வேண்டும். “தேடி எடுத்து அப்புறம் தர்றேன்” என்றால் பணமும் அப்புறம்தான். பகுதித் தொகை கட்டும்போது நோட்டின் பின்புறம் தேதி, தொகை எழுத்திலும் எண்ணிலும் வரவு வைக்க வேண்டும், கொடுத்தவர் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், மூன்று வருடக் காலக்கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கும். கூடுமானவரை ரொக்கம் வேண்டாம். வங்கி வழியாக அனுப்பினால் அதுவே சாட்சி.

கொடுத்த வெற்றுக் காசோலைகள்: எண்ணோடு திரும்ப வாங்குங்கள். தராவிட்டால் எழுத்தில் கேட்டு, வங்கியில் அந்த எண்களுக்குப் பணம் நிறுத்தக் கடிதம் கொடுங்கள்.

வீட்டுப் பத்திரம்: வங்கியோ நிதி நிறுவனமோ கடன் தீர்ந்த 30 நாளில் மூலப் பத்திரத்தைத் திருப்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிய வேண்டும். கடனுக்குப் பதில் கிரய அக்ரிமென்ட் எழுதிக் கொடுத்திருந்தால், அதை ரத்து செய்யும் ஆவணமும் பதிவாக வேண்டும். பதிந்த பிறகு புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபாருங்கள். இதை விட்டவர்கள்தான் பத்து வருடம் கழித்து வீட்டை விற்க முடியாமல் நிற்கிறார்கள்.

நிறுவனக் கடன்: கடன் தீர்ந்ததற்கான சான்று வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் செய்யுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் உரிமம் பெற்ற வட்டிக்கடைகளின் பட்டியலும், அரசு நிர்ணயித்த வட்டியும் தமிழில் பலகையாக இருக்கட்டும். பலகை வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரக் கூலி வருவதற்குள் நோட்டு வாங்கி, ஒவ்வொரு கடனுக்கும் அந்த ஆறு விவரத்தை எழுதுங்கள். இனி யாருக்கு ஒரு ரூபாய் கட்டினாலும் ரசீதைக் கையில் வாங்கிய பிறகு கட்டுங்கள். ரசீது தராதவருக்குப் பணம் தராதீர்கள்.